பாராடாங் சாலையும் காணொளிச் சந்தையும்

தெற்கு அந்தமானுக்கும் மத்திய அந்தமானுக்கும் இடையே அமைந்துள்ள தீவு பாராடாங் ஆகும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரிலிருந்து சாலை வழியே இத்தீவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குச் செல்ல விரும்பும் பிரயாணிகள் விடியற்காலைக்கு முன்பே புறப்பட்டு, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையாக நிற்கின்றனர். அச்சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம், அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காப்பு நிலத்தின் ஊடே செல்கிறது. குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், போலீஸ் காவலுடன், தொகுதி தொகுதியாக வாகனங்கள் இச்சாலையில் விடப்படுகின்றன. வழியில் வாகனத்தை நிறுத்துதல் கூடாது. ஜாரவா மக்களுக்கு உணவோ உடையோ கொடுத்தல் கூடாது. படம் எடுத்தல் கூடாது.

மிடில் ஸ்ட்ரெயிட்டில் வாகனப் படகு ஏறி மறுகரையில் உள்ள நீலாம்பூர் துறையை அடைந்தவர்கள், சிறு படகுகளில் அலையாத்திக் காட்டின் ஊடே சென்று சுண்ணாம்புப் பாறைக் குகைகளைக் காண்கின்றனர். ஜார்வா கிரீக் என்ற இடத்தில் உள்ள சேற்று எரிமலையும் பெயர் பெற்றது. பிரயாணிகள் காண்பதற்கும் படம் எடுத்து மகிழ்வதற்கும் உரியவை இவையே.

ஆயினும் இணையத்தில் பாராடாங் என்ற பெயரைத் தேடியவர்களுக்குக் குகையும் சேறும் மட்டும் கிடைக்கவில்லை. வாகனத்தின் ஜன்னல் வழியே ஒளித்து எடுத்த சில வினாடிப் படங்களும் சேர்ந்தே கிடைத்தன. 2017ஆம் ஆண்டில் தேசியப் பழங்குடியினர் ஆணையம் இதனைக் கடுமையாகக் கருதி, யூடியூப் தளத்தில் உள்ள ஜாரவா முதலிய அந்தமான் பழங்குடியினர் பற்றிய ஆட்சேபத்திற்குரிய படங்களை அகற்றவும், அவற்றை வெளியிட்டோர் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுமென மத்திய உள்துறைக்கும் தகவல் தொழில் நுட்பத் துறைக்கும் தீவு நிர்வாகத்திற்கும் எழுதியது.

சாவடியில் காவலர் நிற்கும்போது, சாலையில் படம் எடுத்தல் குற்றமென்று பலகையே அறிவிக்கும்போது, இப்படங்களை எடுக்கவும் வெளியிடவும் மக்களைத் தூண்டுவது யாது? எடுப்பவரின் ஆர்வம் என்று மட்டும் கூறி முடிப்பது போதாது. படத்தை வாங்குவோர் எங்கோ இருக்க வேண்டும். விலை கொடுப்போரும் இருக்க வேண்டும். அவ்வாறாயின் அந்தச் சந்தை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

சட்டம் செய்தது

முதலில் சட்ட நிலையைச் சுருக்கமாகக் காணலாம். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் ஆதிப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956இல் இயற்றப்பட்டது. 2012 ஜனவரியில், பிரிட்டனின் 'அப்சர்வர்' பத்திரிகை ஒரு காணொளியை வெளியிட்டது. உணவு தருவதாகக் கூறி ஜாரவாப் பெண்களை ஆடச் செய்யும் காட்சி அதில் இருந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டே ஒழுங்குமுறை திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. தடை செய்யப்பட்ட நிலத்தில் படம் எடுக்கும் நோக்குடன் நுழைவோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வழி ஏற்பட்டது. இத்திருத்தத்தில் கவனிக்கத் தக்க ஓர் அம்சம் உண்டு. பழங்குடியினரைக் காட்டிப் பிரயாணிகளைக் கவரும் விளம்பரங்களும் குற்றங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டன.

2013 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், சுற்றுலாப் பிரயாணிகள் இச்சாலையைப் பயன்படுத்தக் கூடாதென இடைக்கால ஆணை பிறப்பித்தது. காப்பு நிலத்தைச் சுற்றிய பகுதி பற்றி நிர்வாகம் புதிய அறிவிக்கை வெளியிட்டபின், அவ்வாண்டு மார்ச்சில் அத்தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

2012ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் ஒரு முரண்பாடு உள்ளது. கொடுமையை வெளிப்படுத்திய அந்தப் படமே தொலைக்காட்சிகளிலும் இணையத்திலும் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. சட்டம் வலுப்பெற்றது அதனாலேயே. அப்பெண்களை உலகின் பல கோடிக் கண்களுக்கு முன் நிறுத்தியதும் அதுவே. சினத்துடன் பார்த்தவரையும் வேடிக்கையாகப் பார்த்தவரையும் கணிப்பொறி ஒரே எண்ணிக்கையில்தான் சேர்த்தது.

கடலடியில் இரண்டாவது சாலை

2020க்கு முன் அந்தமான் தீவுகளின் இணையத் தொடர்பு பெரும்பாலும் செயற்கைக் கோள்களையே நம்பி இருந்தது. நிலவுலகுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்குச் செய்தி சென்று திரும்ப வேண்டியிருந்ததால் தாமதமும், இடமின்மையால் நெருக்கடியும் உண்டாயின. ஒரு சிறு காணொளியைத் தீவிலிருந்து அனுப்புவது பொறுமையைச் சோதிக்கும் காரியமாக இருந்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைக் கம்பி வடம் இடப்பட்டு, 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. மயிரிழை போன்ற கண்ணாடி இழையில் ஒளித் துடிப்புகளாகச் செய்தி செல்வதே இதன் தத்துவம்.

இத்தீவுகளின் மருத்துவ மனைகளுக்கும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் இவ்வடத்தால் விளைந்த நன்மை பெரிது. அதனை எவரும் மறுக்கவியலாது. நிக்கோபாரில் உள்ள ஓர் ஆசிரியர் சென்னையில் நடைபெறும் விரிவுரையைத் தடையின்றிக் கேட்க முடிகிறது. ஆனால் இரண்டாவது சாலைக்கு ஜிர்காடாங் போன்ற சாவடி இல்லை. காலையில் சாலையில் எடுத்த படம் மாலைக்குள் உலகெங்கும் சென்றுவிடக் கூடும்.

தேடுபொறி எவ்வாறு தேடுகிறது?

தேடுபொறி என்பது இணையம் முழுவதையும் நாம் கேட்ட நொடியில் புரட்டிப் பார்ப்பதில்லை. பெரிய நூலொன்றின் இறுதியில் சொல்லடைவு இருப்பதைப் போல, அது முன்கூட்டியே பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற அடைவைத் தயாரித்து வைத்திருக்கிறது. கேட்டவுடன் அந்த அடைவையே பார்க்கிறது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் எதனை முதலில் காட்டுவது என்பதே கடினமான வினா. ஸ்டான்போர்டு பல்கலைக் கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது இதற்கு ஒரு புது வழி கண்டனர். ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களின் மதிப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தினர். ஊரில் நான்கு பெரியவர்கள் ஒருவரை நல்ல வைத்தியர் என்று சொன்னால் அவர் வீட்டுக்குக் கூட்டம் சேர்வதைப் போன்றதே இம்முறை.

பின்னர் இம்முறையுடன் வேறு பல அளவுகளும் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, தேடுவோர் எதைத் தட்டினர் என்பது. ஒரு சொல்லின் முதல் எழுத்துகளைத் தட்டியவுடன், எஞ்சியதைப் பொறியே ஊகித்துக் காட்டுவதை வாசகர்கள் கண்டிருப்பர். அந்த ஊகம் பெரும்பாலும் பிறர் முன்பு தேடியவற்றிலிருந்து எழுகிறது. பாராடாங் என்று தட்டியவர்களுள் பலர் அடுத்து ஜாரவா என்றும் தட்டியிருந்தால், குகையைக் காண வந்த புதியவருக்கும் அச்சொல் முன்வைக்கப்படலாம். அவர் மனத்தில் இல்லாத வினாவைப் பொறி அவருக்குக் கொடுத்துவிடுகிறது. அவரும் அதனைத் தட்டினால் எண்ணிக்கையில் இன்னும் ஒன்று கூடுகிறது.

பள்ளி ஆசிரியர்கள் இவ்விடத்தில் வேறொரு சிறு குழப்பத்தையும் கவனிக்கலாம். அந்தமானில் எரிமலை என்று தேடும் மாணவருக்குப் பாரன் தீவின் படமும் பாராடாங்கின் படமும் கலந்தே வரக் கூடும். பாரன் தீவு நெருப்பைக் கக்கும் உண்மையான எரிமலை. பாராடாங்கில் இருப்பதோ, நிலத்தடியில் உயிர்ப் பொருள்கள் சிதைவதால் உண்டாகும் வாயுக்கள் சேற்றை மேலே தள்ளுவதால் அமைந்த மேடு. 2025 அக்டோபர் 2ஆம் நாள் அது பெரும் ஓசையுடன் பொங்கியது. அதற்கு முன் அத்தகைய பொங்கல் நிகழ்ந்தது 2005இல். நெருப்புக் குழம்பின் படத்தைப் பாராடாங் என்ற பெயரில் கண்டால் மாணவர் நம்பிவிடுவர். பொறி சொற்களைப் பொருத்துகிறதேயன்றி, மண்ணியல் கற்றதில்லை.

வினாடிக்குள் முடியும் ஏலம்

தேடுவோரிடம் கட்டணம் வாங்காத இந்நிறுவனங்களுக்கு வருவாய் விளம்பரத்திலிருந்து வருகிறது. பத்திரிகையில் விளம்பரம் செய்பவர் பக்க அளவுக்குப் பணம் கட்டுவார். யார் பார்த்தனர் என்பது அவருக்குத் தெரியாது. 1998இல் அமெரிக்காவில் கோடூ என்ற தேடுபொறி, சொற்களை ஏலம் விட்டு, விளம்பரத்தை ஒருவர் தட்டினால் மட்டும் பணம் பெறும் முறையைக் கொணர்ந்தது. கூகுள் 2000 அக்டோபரில் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கி, சில ஆண்டுகளில் இம்முறையைச் செம்மைப்படுத்தியது. அதிகத் தொகை கூறியவருக்கு மட்டுமே முதலிடம் என்பதில்லை. அவர் விளம்பரம் தேடுவோருக்கு எவ்வளவு பொருத்தமாக உள்ளது என்பதும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது.

பூச்சந்தையில் ஒரு கூடைக்கு ஏலம் விடச் சில நிமிடங்கள் ஆகும். இங்கே ஒவ்வொரு தேடலுக்கும், ஒவ்வொரு காணொளியின் தொடக்கத்திற்கும் தனித்தனி ஏலம் நடக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தும் விடுகிறது. ஏலம் கேட்பவர் மனிதர் அல்லர், அவர் முன்கூட்டி எழுதி வைத்த விதிகளே. செருப்பு விற்கும் கம்பெனிக்குத் தன் விளம்பரம் எந்தப் படத்தின் முன் ஓடியது என்பது பெரும்பாலும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழிகள் இருந்தும் அவற்றைப் பயன்படுத்துவோர் சிலரே.

காணொளித் துறைக்கு இம்முறை வந்தது யூடியூப் வழியே. அத்தளத்தின் முதல் காணொளி 2005 ஏப்ரல் 23ஆம் நாள் ஏற்றப்பட்டது. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான ஜாவேத் கரீம் மிருகக் காட்சிச் சாலையில் யானைகளின் முன் நின்று பேசும் 19 வினாடிப் படம் அது. அடுத்த ஆண்டு கூகுள் 165 கோடி டாலர் மதிப்புக்கு அத்தளத்தை வாங்கியது. 2007இல் படம் வெளியிடுவோருக்கும் விளம்பர வருவாயில் பங்கு தரும் திட்டம் தொடங்கிற்று. நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு வெளியிடுபவரைச் சேரும். இப்பங்கைப் பெற, ஓராயிரம் சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டுமென்பது 2018இல் வந்த விதிகளுள் ஒன்று.

நான்காயிரம் மணி நேரம் என்பது புதியவருக்கு எளிதில் கிட்டுவதன்று. இங்கேதான் தலைப்பின் ஆசை தொடங்குகிறது. அலையாத்திக் காட்டைக் காட்டும் படங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றினிடையே தம் படம் தனித்துத் தெரிய வேண்டுமாயின், பிறரிடம் இல்லாத ஒரு காட்சி வேண்டும். அல்லது இருப்பதாகத் தோன்றும் ஒரு தலைப்பேனும் வேண்டும். சாலையில் எவரையும் காணாத பிரயாணியும் ஜாரவா என்ற சொல்லைத் தலைப்பில் பொருத்தினால் பார்ப்போர் கூடுவர் என்று எண்ணுகிறார். அவரைப் பார்த்து மற்றொருவர் உண்மையாகவே காமிராவை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறார்.

2012 அக்டோபரில் யூடியூப் தன் கணக்கு முறையை மாற்றியது. அதுவரை தட்டியோர் எண்ணிக்கையே பெரிதாக இருந்தது. அதன்பின் எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பது முதன்மை பெற்றது. பொய்த் தலைப்பிட்டு ஏமாற்றுவோரைக் குறைப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. விளைவு முற்றிலும் எதிர்பார்த்தபடி அமைந்ததெனக் கூற முடியாது. காத்திருக்க வைப்பதும் ஒரு கலையே. "சிறிது நேரத்தில் காணலாம்" என்று கூறிக்கொண்டே ஐம்பது கிலோமீட்டர் சாலையைக் காட்டினால், பார்ப்பவர் கண் அகற்றாமல் இருப்பார். மேலும், இத்தளத்தில் மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 விழுக்காட்டிற்கு மேல் தளமே பரிந்துரைத்த படங்களால் விளைவதென 2018இல் அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவரே கூறினார். எனவே ஒருவர் தேடாமலே, முந்தைய படத்தின் தொடர்ச்சியாக இத்தகைய படம் அவர் முன் வந்து நிற்கலாம்.

இவ்வளவு கணக்கிலும் ஓர் இனம் மட்டும் காணப்படவில்லை. பார்ப்பவர் எண்ணப்படுகிறார், காட்டுபவருக்குப் பங்கு உண்டு, விளம்பரம் செய்பவருக்கு வாடிக்கை உண்டு, தளத்திற்கு எஞ்சியது உண்டு. படத்தில் இருப்பவரின் சம்மதத்தை எழுதிக்கொள்ள இந்தப் பேரேட்டில் ஒரு பத்தி இல்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி ஜாரவா மக்கள் 380 பேர். தம் உருவம் எங்கே, யாரால், எதற்காகப் பார்க்கப்படுகிறதென அவர்களிடம் கேட்டவர் யாரும் இலர்.

இது மானத்தைப் பற்றிய பிரச்சினை மட்டுமன்று. உடல் நலத்தையும் பற்றியதே. வெளியாரின் நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் குறைந்த இம்மக்களிடையே 1999இலும் 2006இலும் தட்டம்மை பரவியது. நெருங்கி நின்று படம் எடுப்பவரின் மூச்சே அபாயம். வடக்கு சென்டினல் தீவில் இவ்வபாயம் மேலும் கடுமையானது. 2025 மார்ச் இறுதியில், இணையத்தில் காணொளி வெளியிடும் ஓர் அமெரிக்கர் காமிராவுடன் படகில் தனியே அத்தீவின் கரையில் இறங்கி, ஒரு தேங்காயையும் ஒரு குளிர்பான டப்பாவையும் வைத்துவிட்டுத் திரும்பினார். பின் கைது செய்யப்பட்டார். அவர் அங்கு எவரையும் சந்திக்கவில்லை என்பது ஒரு நற்பேறு.

அகற்றுதல் ஏன் கடினம்?

படத்தை அகற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். சட்டத்தின் நிலை பின்வருமாறு. தகவல் தொழில் நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் ஏற்றும் பொருளுக்குத் தளத்தை நேரடியாகப் பொறுப்பாக்குவதில்லை. கோர்ட்டின் ஆணையோ சர்க்காரின் முறையான அறிவிப்போ வந்தபின் அகற்றத் தவறினால்தான் அப்பாதுகாப்பை அது இழக்கும் என 2015இல் சுப்ரீம் கோர்ட் விளக்கியது. ஆகவே தனி மனிதரின் புகார் பெரும்பாலும் தளத்தின் சொந்த விதிகளின்படி பரிசீலிக்கப்படும். உத்தியோக முறையில் செல்லும் புகாருக்கு வலிமை மிகுதி.

விஞ்ஞானச் சிக்கல் வேறு. ஒரு படத்தை அடையாளம் காண, கணிப்பொறி அதன் ஒளி, ஒலி அமைப்புகளிலிருந்து ஒரு சுருக்கக் குறியைச் செய்துகொள்கிறது. மனிதரின் கைரேகையைப் போன்றது இது. அதே படம் மீண்டும் ஏற்றப்பட்டால் ரேகை பொருந்தும். ஆனால் படத்தை இடம் வலமாகத் திருப்பியும், ஓரங்களை வெட்டியும், வேகத்தைச் சிறிது மாற்றியும் ஏற்றுவோர் உண்டு. பொறிகள் இத்தந்திரங்கள் பலவற்றைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டன. எனினும் முழுவதும் அன்று. அத்துடன் ரேகை பதிவாகாத படத்தைப் பொறி தேட இயலாது. திரைப்படக் கம்பெனி தன் படத்தின் பிரதியைக் கொடுத்து ரேகையைப் பதிவு செய்துகொள்கிறது; தன் உரிமையைக் காக்க அதற்கு வக்கீல்கள் உள்ளனர். காட்டில் வாழும் ஒரு குடும்பத்தின் சார்பில் அவ்வாறு செய்வோர் யார்? தீவு நிர்வாகமும், 1976இல் அமைந்த அந்தமான் ஆதிம் ஜன்ஜாதி விகாஸ் சமிதி போன்ற நலச் சங்கங்களின் பணியாளருமே அவ்விடத்தில் நிற்கின்றனர்.

களப்பணியாளர் இத்தகைய படத்தைக் காண நேர்ந்தால் செய்யத் தக்கவை சில. பக்கத்தின் முழு முகவரியையும், வெளியிட்டவர் அங்கு இட்டுள்ள பெயரையும், ஏற்றப்பட்ட நாளையும், கண்ட நாளையும் நேரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். தலைப்பு உள்ள திரையை மட்டும் படம் பிடித்து வைக்கலாம். காணொளியையோ அதன் முகவரியையோ நண்பர் குழுக்களில் "பாருங்கள், என்ன அநியாயம்" என்று அனுப்புவது பெரும் தவறு. அனுப்பப்பட்ட ஒவ்வொரு பிரதியும் அகற்ற வேண்டிய மற்றொரு பிரதியாகிறது, ஒவ்வொரு பார்வையும் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. கண்டிக்கும் கருத்தை அதன் கீழே எழுதுவதாலும் பயனில்லை. மக்கள் ஈடுபாடு மிக்க படமென்று தளம் அதனைக் கொள்ளக் கூடும். தளத்திலுள்ள புகார்ப் பொத்தானை அழுத்திவிட்டு, எழுதிய விவரத்தை மேலதிகாரி மூலம் பழங்குடியினர் நலத் துறைக்கும் போலீசுக்கும் அனுப்புதல் முறையாகும்.

வகுப்பறையில் வேறொரு வழி உண்டு. பள்ளிச் சுற்றுலாவாகப் பாராடாங் செல்லும் மாணவர்களிடம் ஜிர்காடாங்கில் வாகனம் நிற்கும் நேரத்திலேயே செல்பேசிகளைப் பையில் வைக்கச் சொல்லி, காரணத்தையும் சொல்லிவிடலாம். "உங்கள் வீட்டு முற்றத்தில் நீங்கள் குளிக்கும்போது ஒரு பேருந்து நின்று எல்லோரும் படம் எடுத்தால் எப்படி இருக்கும்?" என்ற ஒரு கேள்வி, தடைப் பலகையினும் விரைவாகச் சிறுவர் மனத்தில் பதியும். நீலாம்பூர் துறையில் இறங்கியபின் செல்பேசிகளை வெளியே எடுக்கலாம். குகையின் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளை, அளவுகோல் ஒன்றை அருகில் பிடித்துப் படம் எடுத்து, நாளும் இடமும் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.